அஹாகிஸ்டாவில் ஒரு திதி

ஜூன் 20, வியாழன். கார்க், அயர்லாந்து

மகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் முன்பு செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் இன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியிருப்பார். சூடு ஆறாத சோடா ரொட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கையோடு கொண்டுவந்தார். நான் உளுந்த வடை சுட்டிருந்தேன். தேங்காய்ச் சட்னியை முதலில் விரல் நுனியில் தொட்டுப் பார்த்தவர், பிறகு நாலு வடை சாப்பிட்டார். எனக்கு ரொம்பத் திருப்தி.

கிளம்பும் நேரத்தில், "ஞாயிற்றுக்கிழமை அஹாகிஸ்டா போகிறீர்களா?" என்று கேட்டார். அப்படி ஒரு பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. மகள்தான், "கனிஷ்கா விமானம்மா, அதுக்கு அங்க கடலோரம் நினைவிடம் இருக்கு" என்றாள்.

அது போதும். 1985 ஜூன் 23 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டையில் பி.எட். படிக்கப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த நாட்கள். அப்பா போஸ்ட்மாஸ்டர், ரேடியோவில் செய்தி ஓடும்போது வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. கனடாவிலிருந்து வந்த ஏர் இந்தியா விமானம் அயர்லாந்துப் பக்கம் கடலில் விழுந்துவிட்டது, அதில் இருந்த 329 பேரும் போய்விட்டார்கள் என்றார்கள். விமானத்தின் பெயர் கனிஷ்கா. பின்னால் சரித்திர டீச்சராகி, குஷாண மன்னர் கனிஷ்கரைப் பற்றி முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். போர்டில் அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கும்.

கிளம்பிய அம்மையார் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அன்று இந்த ஆஸ்பத்திரிக்குக் கார்க் ரீஜனல் என்று பெயராம். கடலில் கிடைத்தது 131 உடல்கள்தான். எல்லாம் இங்கேதான் வந்தன. பிறகு கனடாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. "அடையாளம் பார்க்கப் போகிறவர்களோடு கூடவே நடப்பதுதான் எங்களுக்கு வேலை. என்ன பேசுவது என்று தெரியாது. கையைப் பிடித்துக்கொள்வோம்" என்றார். வந்தவர்களிடம் டாக்ஸிக்காரர்கள் காசு வாங்க மறுத்ததையும், தெருவில் போனவர்கள் முன்பின் தெரியாதவர்களைக் கட்டிக்கொண்டதையும் சொன்னார். சொல்லும்போது அவர் கண் என் மேல் இல்லை, ஜன்னல் பக்கம் இருந்தது.

அவர் போனபிறகு மகள், "போவோமாம்மா?" என்றாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் போனில் அறை தேட ஆரம்பித்துவிட்டார்.

ஜூன் 21, வெள்ளி. கார்க்கிலிருந்து டர்ரஸ்

மாப்பிள்ளை, மகள், எட்டு வயதுப் பேத்தி, நான். காலையில் பெய்த சாரல் பாண்டன் ஊரைத் தாண்டியதும் விட்டுவிட்டது. கிளோனகில்டியில் சாப்பிட இறங்கினோம். அந்த ஊரின் கறுப்புப் புட்டிங் பேர்போனதாம். ஓட்ஸும் ரத்தமும் மசாலாவும் சேர்த்து, குழாய் போலச் செய்து, வட்டம் வட்டமாக நறுக்கி வறுத்துத் தருகிறார்கள். ஒரு வாய் வைத்ததும் எனக்கு எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமை நினைவுதான் வந்தது. ரத்தப் பொரியலில் நாம் தேங்காயும் சின்ன வெங்காயமும் போடுவோம், இவர்கள் போடவில்லை, அவ்வளவுதான். ஒரு தட்டு 14 யூரோ, ஒரு டீ 3 யூரோ. டீக்கு மட்டும் நம் கணக்கில் இருநூற்று எழுபது ரூபாய் ஆகிறது. முதல் வாரம் கணக்குப் போட்டுப் போட்டு நெஞ்சடைத்தது, இப்போது பழகிவிட்டது.

ஸ்கிபரீனில் நான்தான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஊருக்கு வெளியே ஆற்றோரம் அபிஸ்ட்ரூரி என்று ஒரு கல்லறைத் தோட்டம். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் செத்தவர்களைப் பெட்டிகூட இல்லாமல் மொத்தமாகக் குழியில் இட்ட இடம். எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை அங்கே கிடக்கிறார்கள். ஒருவர் பெயரும் தெரியாது. பார்ப்பதற்கு வெறும் புல்வெளி. தாது வருஷப் பஞ்சத்தில் நம் பக்கம் செத்தவர்களுக்கு இப்படி ஒரு புல்வெளிகூட எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து திருநெல்வேலியில் இல்லை. புல்லை ஒட்ட வெட்டி வைத்திருந்தார்கள். யாரோ ஒரு சின்ன ஜாடியில் காட்டுப்பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்; தண்ணீர் இன்னும் கலங்கவில்லை.

பான்ட்ரியில்தான் சிக்கல். நாங்கள் அறை எடுத்ததாக நினைத்த விடுதியில் எங்கள் பெயருக்கு நேரே ஜூலை 21 என்று இருந்தது. மாப்பிள்ளை அவசரத்தில் மாதத்தை மாற்றி அழுத்திவிட்டார். முகம் சுண்டிப்போய் நின்றார். "விடுங்க மாப்பிள்ளை, வெயில் ராத்திரி பத்து மணி வரைக்கும் இருக்கு, பாத்துக்கலாம்" என்றேன். வரவேற்பில் இருந்த பெண் அங்கே இங்கே என்று நாலு இடத்துக்குப் போன் போட்டாள். கடைசியில் டர்ரஸ் ஊரில் ஒரு வீட்டில் மாடியறை கிடைத்தது. இரண்டு ராத்திரிக்கு 240 யூரோ, காலைச் சாப்பாடும் சேர்த்து.

அந்த வீட்டு அம்மாள் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். மகள் கட்டியிருந்த சேலையையும் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை காலைக்கா?" என்றார். ஆமாம் என்றோம். "அப்படியானால் அன்றைக்கு ஆறு மணிக்கே சாப்பாடு வைத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு பெட்டியைத் தூக்க வந்துவிட்டார். வேறு ஒரு கேள்வியும் இல்லை.

ஜூன் 22, சனி. ஷீப்ஸ் ஹெட், அஹாகிஸ்டா

காலைச் சாப்பாட்டில் டர்ரஸ் பாலாடைக்கட்டி வைத்தார்கள். இந்த ஊர்ப் பேரிலேயே 1979 முதல் மலைமேல் ஒரு பண்ணையில் செய்கிறார்களாம். வாசனை கொஞ்சம் முன்னே வந்து நிற்கும், ருசி பின்னால் வரும். பேத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றாள்.

டர்ரஸிலிருந்து நிலம் ஒரு விரலைப்போல நீண்டு அட்லாண்டிக்குக்குள் போகிறது. ஒரு பக்கம் பான்ட்ரி விரிகுடா, இன்னொரு பக்கம் டன்மானஸ் விரிகுடா. விரல் நுனிதான் ஷீப்ஸ் ஹெட். சாலை முடியும் இடத்தில் வண்டியை விட்டுவிட்டுக் கலங்கரை விளக்கம் வரை நடந்தோம். போக இரண்டு கிலோமீட்டர்போல. பாறையும் சேறும் மாறி மாறி வரும் பாதை. என் முழங்காலுக்கு அது அதிகம்தான், ஆனால் திரும்பிப் போக மனமில்லை. காற்று சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பான்ட்ரி விரிகுடாவுக்குள் வரும் எண்ணெய்க் கப்பல்களுக்கு வழிகாட்ட 1968ல் கட்டிய விளக்கம் அது. 1979 ஜனவரியில் விடி தீவின் முனையத்தில் ஓர் எண்ணெய்க் கப்பல் வெடித்து ஐம்பது பேர் இறந்ததும் இதே தண்ணீரில்தான். கடல் ஆளை எடுத்துக்கொள்வது இந்தப் பக்கத்தாருக்குப் புதிதில்லை.

விளக்கத்துக்குக் கீழே உட்கார்ந்து தென்மேற்கே பார்த்தேன். விமானம் விழுந்த இடம் அயர்லாந்துக் கரையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு இருப்பதைவிடச் சற்றுக் கூடுதல். பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்குச் சேதி கேட்டு ஓடிப்போன கப்பல்களில் அயர்லாந்துக் கடற்படையின் ஆஷ்லிங்கும் ஒன்று. தண்ணீருக்குள் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த விமானத்தின் கறுப்புப் பெட்டிகளை ஜூலையில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் எடுத்தது. ஆட்களில் 198 பேர் கிடைக்கவே இல்லை.

திரும்பும் வழியில் டயர் பஞ்சர். இரண்டு பக்கமும் வேலி, நடுவே ஒரு வண்டி மட்டும் போகிற சாலை. மாற்று டயரும் வண்டியில் இல்லை. இப்போது வருகிற கார்களில் பசையும் பம்பும்தான் வைக்கிறார்களாம். பக்கவாட்டில் கிழிந்த டயருக்குப் பசை என்ன செய்யும்? அரை மணி நேரம் நின்றோம். வேலி முழுக்கச் சிவப்பும் ஊதாவுமாகப் பூ தலைகீழாகத் தொங்கியது. பேத்தி பறித்துக் காதில் மாட்டிக்கொண்டாள். ஃபுஷியா என்றாள் மகள். ஐரிஷ் மொழியில் அதற்குத் தெஓரா தே என்று பேர், கடவுளின் கண்ணீர்த் துளி என்று அர்த்தமாம், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பேத்தி சொன்னாள்.

டிராக்டரில் வந்த விவசாயி ஒருவர் இறங்கிப் பார்த்தார். யாருக்கோ போன் போட்டார். சனிக்கிழமை மத்தியானம், கடை மூடிய பிறகு, ஒரு பையன் வேனில் டயரோடு வந்தான். டயருக்கு மட்டும் 70 யூரோ வாங்கிக்கொண்டான், கூலி வேண்டாம் என்றான். விவசாயியிடம் மாப்பிள்ளை இருபது யூரோவை நீட்டியபோது அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "காலையில் பார்க்கிறேன்" என்றார். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று அவரிடம் சொல்லவே இல்லை.

நாலு மணிக்கு அஹாகிஸ்டா வந்தோம். ஊர் என்றால் சில வீடுகள், படகுத்துறை, தகரக் கூரை போட்ட ஒரு மதுக்கடை. நினைவிடம் ஊரையொட்டித் தண்ணீரோரம் இருக்கிறது. கல் சுவர், பூச்செடி, நடுவே ஒரு சூரியக் கடிகாரம். கார்க் சிற்பி கென் தாம்சன் செய்தது. சுவரில் பெயர்கள். நாளைக்காக இரண்டு பேர் புல்லை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் ஈரத்துணியால் பெயர் இருந்த கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் பாபநாசத்தில் படித்துறையைக் கழுவுவார்களே, அந்த மாதிரி.

பேத்தி பெயர்களை வாசித்துக்கொண்டே போனாள். பஞ்சாபிப் பெயர்கள், குஜராத்திப் பெயர்கள், நடுநடுவே நம் தெற்கத்திப் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து மூன்று, நான்கு என்று வந்தபோது அவளே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்கப் போன பிள்ளைகள் அந்த விமானத்தில் நிறைய. பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழுமாக எண்பது பேருக்கு மேல்.

"யார் இப்படிச் செஞ்சா ஆச்சி?" என்றாள். பதில் சொல்ல வேண்டுமே. இதே ஜூன் 22ஆம் தேதி கனடாவில் வான்கூவர் ஊரில் இரண்டு பெட்டிகளை இரண்டு விமானங்களில் ஏற்றிவிட்டார்கள், பெட்டிக்கு உரியவர்கள் ஏறவில்லை என்றேன். ஒன்று ஜப்பானில் நரிட்டா விமான நிலையத்தில் வெடித்துச் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலாளிகள் இரண்டு பேரைக் கொன்றது. ஒரு மணி நேரத்துக்குள் இன்னொன்று இந்த விமானத்தில் வெடித்தது. ஏன் என்பதை அவளுக்கு எந்த அளவுக்குச் சொல்ல முடியும்? 1984ல் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததையும், அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு காலிஸ்தான் தீவிரவாதிகள் சிலர் இதைச் செய்ததையும் சுருக்கமாகச் சொன்னேன். "அந்தப் பிள்ளைங்க கோயிலுக்குள்ள போகலையே" என்றாள். போகவில்லைதான்.

அவளிடம் சொல்லாதது இது. குண்டு செய்ததற்காகத் தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர். மற்ற இரண்டு பேரை 2005ல் வான்கூவர் நீதிமன்றம் சாட்சி போதாது என்று விடுவித்துவிட்டது. சதிகாரர்கள் காட்டுக்குள் போய் வெடித்துப் பார்த்த சத்தத்தை, வெடிப்புக்கு மூன்று வாரம் முன்பே கனடா உளவுத்துறை ஆட்கள் தங்கள் காதால் கேட்டார்கள். துப்பாக்கிச் சத்தம் என்று விட்டுவிட்டார்கள். ஒட்டுக்கேட்ட ஒலிநாடாக்களை அழித்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கனடாக் குடிமக்கள். அப்படியிருந்தும் அந்த நாட்டுப் பிரதமர் இந்தியப் பிரதமருக்குப் போன் போட்டு அனுதாபம் சொன்னார். தங்கள் மண்ணில், தங்கள் மக்களுக்கு நேர்ந்தது என்று அந்த நாடு வாய்விட்டு மன்னிப்புக் கேட்டது 2010ல். டொராண்டோவிலும் வான்கூவரிலும் நினைவிடம் எழுந்தது 2007ல்.

இந்தக் கல்லை இந்தக் கரையில் நட்டது 1986ல், முதல் வருஷ நாளிலேயே. ஊரில் ஒருவரும் அந்த விமானத்தில் இல்லை.

பேத்தி கார்க்கில் சனிக்கிழமைதோறும் பரதம் கற்கிறாள்; இன்று வகுப்புக்குப் போகவில்லை. அவளுக்காக லதா படாவைப் பற்றிச் சொன்னேன். கனடாவில் பெரிய பரதநாட்டியக் கலைஞர். நிகழ்ச்சிக்காக முன்னாலேயே இந்தியா வந்துவிட்டார். கணவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் பின்னால் இந்த விமானத்தில் கிளம்பினார்கள். "அப்புறமும் ஆடினாங்களா?" என்று கேட்டாள். ஆடினார், நாட்டியப் பள்ளியும் குழுவும் வைத்து நடத்தினார் என்றேன். கொஞ்ச நேரம் என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ராத்திரி வீட்டு அம்மாள் கடல்மீன் சூப் தந்தார். பால் விட்டுக் கிழங்கு போட்டது, மிளகு போதவில்லை. ஆனால் உடம்புக்கு இதமாக இருந்தது. முதல் வருஷம் குடும்பங்கள் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "எங்களுக்கு அவர்கள் மொழி தெரியாது, பிரார்த்தனை தெரியாது. அதனால் டீ போட்டோம்" என்றார்.

ஜூன் 23, ஞாயிறு. அஹாகிஸ்டா

ஐந்தரைக்கு எழுந்தபோதே நல்ல வெளிச்சம். ஆறு மணிக்குக் கஞ்சி, அவித்த முட்டை. முட்டை எனக்கு இறங்கவில்லை. திதி நாளில் எங்கள் வீட்டில் காரியம் முடியும்வரை அடுப்பில் பால்கூட வைக்க மாட்டோம். என் வீட்டுக்காரர் போன நாலு வருஷமாக மகன் பாபநாசத்தில் எள்ளும் தண்ணீரும் விடும்போது நான் கரையில் பட்டினியாக நிற்பேன். இன்றைக்கும் வயிறு அதே மாதிரி மூடிக்கொண்டது. அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போய், ஒரு வாழைப்பழத்தைக் காகிதப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

சாலையோரம் வண்டிகள் வரிசையாக நின்றன. போலீஸ்காரர் ஒருவர் ஒவ்வொரு வண்டிக்கும் குனிந்து வணக்கம் சொல்லி இடம் காட்டினார். கோட்டு போட்ட கிழவர்கள், மழைச்சட்டைக்குள் சேலை கட்டிய பெண்கள், தலைப்பாகைக்காரர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு சின்னப் பெண். நேற்றைய விவசாயியும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஊர்க்காரர்கள் எல்லாரும் பின்னால் நிற்கிறார்கள் என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். சுவருக்குப் பக்கத்தில், சூரியக் கடிகாரத்தைச் சுற்றி இருக்கும் இடத்தைக் குடும்பங்களுக்கு விட்டுவிட்டார்கள். எங்களையும் முன்னால் போகச் சொல்லி ஒரு பெரியவர் வழிவிட்டார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, துக்க வீட்டில் இந்த நாட்டார் சொல்லும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "உங்கள் துன்பத்துக்கு வருந்துகிறேன்." எனக்குக் கூசிப்போனது. இறந்தவர்களில் எங்களுக்கு யாரும் இல்லையே. அதை மறைத்து அந்த ஆறுதலை வாங்கிக்கொள்வது திருட்டு மாதிரிப் பட்டது. "நாங்க சொந்தக்காரங்க இல்லை" என்று மகளைவிட்டுச் சொல்லச் சொன்னேன்.

"நாங்களும் இல்லை" என்றார் அவர். கையை விடவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடினார்கள். காற்று பாதிப் பாட்டை எடுத்துக்கொண்டு போனது. எட்டே கால் ஆகச் சற்று முன், கனிஷ்கா ரேடாரிலிருந்து மறைந்த நேரம், எல்லாரும் மௌனமானார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் கேட்டதை எழுதி வைக்கிறேன். படகைக் கட்டிய கயிறு இழுபடும் முனகல். மலைமேல் ஒரு ஆடு. யாரோ மூக்கை உறிஞ்சியது. அன்றும் ஞாயிறு, இதே நேரத்தில் இங்கே சிலர் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்திருப்பார்கள், சிலர் மாடு கறந்துகொண்டிருந்திருப்பார்கள்.

பிறகு பிரார்த்தனை, பேச்சு, மலர்வளையம். பேச்சுகளில் என் மனம் ஒட்டவில்லை. எனக்குப் பக்கத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு அம்மாள் நின்றார். என் மொழி அவருக்குத் தெரியாது, அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரண்டை போனார். ஒரு பெயரைக் கண்டுபிடித்தார். ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவினார், சிலேட்டில் குழந்தை எழுத்துப் பழகுவதுபோல. கடைசி எழுத்துக்கு வந்ததும் மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். மூன்று தடவை. வந்து பையை வாங்கிக்கொண்டு, கடலைக் காட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து விரித்தார். உடல் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் விளிம்புக்குப் போய்ப் பூப் போட்டார்கள். கால் வழுக்கும் கற்கள். ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் இறங்கும் இடத்தில் நின்று வயதானவர்களுக்குக் கை கொடுத்தார்கள். யாரும் அவர்களிடம் சொன்ன மாதிரித் தெரியவில்லை. எங்கே கல் ஆடும் என்று தெரிந்து நின்றார்கள். அந்த அம்மாளோடு நானும் இறங்கினேன். நான் ஒரு கை ரோஜா இதழ்தான் கொண்டுபோயிருந்தேன். எள் கொண்டுவரத் தோன்றவில்லையே என்று வருத்தமாக இருந்தது. தண்ணீர் கணுக்காலில் பட்டபோது ஊசி குத்தினாற்போலக் குளிர்ந்தது. ஜூன் மாதத்திலேயே இப்படி என்றால், என்று ஆரம்பித்த எண்ணத்தை முடிக்காமல் விட்டுவிட்டேன்.

மேலே ஏறியதும் டீ. கடுப்பமாக, பால் விட்டு, நம் ஊர்க் கடை டீ நிறத்தில். மேசையில் ரொட்டிச் சாண்ட்விச், பழக்கேக். மேசையின் ஒரு ஓரத்தில் தனியாக ஒரு தட்டு, அதன்மேல் கையால் எழுதிய ஒரு சீட்டு: இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. முப்பத்தொன்பது வருஷத்தில் எந்த வருஷமோ யாரோ ஒரு அம்மாள் முட்டையைப் பார்த்துத் தயங்கியிருப்பார். அதை இவர்கள் பார்த்திருப்பார்கள். காரியத்தன்று எதைத் தின்னலாம் எதைத் தின்னக்கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு செய்தால் அதற்குப் பேர் திதி இல்லாமல் வேறென்ன? ரத்த சம்பந்தம் உள்ளவர்தான் கொடுக்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தட்டைப் பார்த்தபிறகு அதை நான் அப்படியே நம்பமாட்டேன். அந்தத் தட்டிலிருந்து வெள்ளரிக்காய் வைத்த ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். அதுதான் இன்றைக்கு என் முதல் சாப்பாடு.

கிளம்பும்போது ஒன்று நடந்தது. துக்க வீட்டிலிருந்து புறப்படும்போது "வரேன்" என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும். சின்ன வயதிலிருந்து ஊறிப்போனது. இங்கே எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றுதான் சொல்கிறார்கள். குடும்பத்தார் ஊராரிடம், ஊரார் குடும்பத்தாரிடம். வழிவிட்ட பெரியவரும் என்னிடம் வந்து, "அடுத்த வருஷம்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. கும்பிட்டேன்.

கார்க்குக்கு மாலை ஆறு மணிக்குத் திரும்பினோம். மகளுக்கு ராத்திரி வேலை. இரண்டு மணி நேரம்கூடத் தூங்காமல் சீருடையை மாட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனாள். இன்று புனித யோவான் திருநாளுக்கு முந்தின இரவு. கார்க்கில் தெருமுனைகளில் பிள்ளைகள் பழைய பலகை, கட்டில் சட்டம் எல்லாம் குவித்துக் கொளுத்துகிறார்கள், நம் போகி மாதிரி. பத்து மணிக்கும் வானம் இருட்டவில்லை. புகை வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 24, திங்கள். கார்க்

மகள் எட்டரைக்கு வந்து, தோசை இரண்டைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டாள். ராத்திரி அவள் வார்டில் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் இறந்துபோனாராம். பக்கத்தில் யாரும் இல்லை, நான்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றாள். வியாழக்கிழமை வந்த அம்மையார் சொன்னது எனக்கு நினைவு வந்தது, அவளுக்கும் வந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

சோப்பு வாங்கப் போன கடையில் ஒரு வெள்ளை அட்டை வாங்கினேன். 2 யூரோ. டர்ரஸ் வீட்டு அம்மாளுக்கு எழுதுவதற்கு. தமிழில் நான் எழுத, கீழே பேத்தி ஆங்கிலத்தில் எழுதுவதாக ஏற்பாடு. வாழைப்பழத்துக்கு நன்றி எழுதினேன். மீன் சூப்பில் இன்னும் கொஞ்சம் மிளகு போடச் சொல்லி எழுதினேன். அந்தத் தனித் தட்டைப் பார்த்ததை எழுதினேன். அட்டை நிறைந்துவிட்டது. ஓரத்தில் ஒரு விரற்கடை இடம் மிச்சம் இருந்தது, அதில் "போயிட்டு வரேன்" என்று எழுதினேன்.

பேத்தி பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆச்சி, இது போறேன்னு அர்த்தமா, வரேன்னு அர்த்தமா?"

"ரெண்டும்தான், எழுது" என்றேன்.